செக்கு எண்ணெய்க் கடைக்கு இணையத்தில் வாடிக்கையாளர் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்பவர்களும், வீட்டிலேயே பொடி, ஊறுகாய், முறுக்கு செய்து விற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் செக்கு எண்ணெய்க் கடையைச் சுற்றியே வரும். தையற்கடைக்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வெப்சைட், இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் முதல்ல எதைத் தொடங்கணும்?

முதலில் கூகுள் மேப்பில் கடையைச் சேருங்கள். அடுத்து வாட்ஸ்அப் பிசினஸ், அதாவது கடைக்காரர்களுக்கான தனி வாட்ஸ்அப் செயலி. இவை இரண்டும் ஒழுங்கான பிறகு இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக் மூன்றில் ஏதாவது ஒன்று. வெப்சைட் அதற்கும் பிறகு.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. "செக்கு எண்ணெய் கடை" என்று மேப்பில் தேடுபவர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர். ரீல்ஸ் பார்ப்பவர் பொழுதுபோக்க வந்தவர். வாங்கத் தயாராக நிற்பவருக்குக் கடை கண்ணில் படாமல் இருக்கும்போது, வேடிக்கை பார்ப்பவரைத் துரத்துவது வீண் உழைப்பு.

கூகுள் மேப்ல கடையைப் போட காசு கட்டணுமா? ஒருத்தர் ஃபோன் பண்ணி அஞ்சாயிரம் கேக்கிறாரு.

ஒரு பைசா கிடையாது. மேப்பில் தெரியும் கடைப் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். பணம் கேட்டு அழைப்பவர் இடைத்தரகர். ஃபோனில் அவரிடம் ஓடிபி சொல்லிவிட்டால் கடைப் பக்கம் அவர் கைக்குப் போய்விடும். உங்கள் ஜிமெயிலில் நுழைந்து, கடைப் பெயர், வகை, முகவரி, ஃபோன் எண், திறக்கும் நேரம் ஆகியவற்றைக் கொடுத்து நீங்களே தொடங்கலாம். வகையில் முதன்மையானது ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். நீங்கள் எந்தத் தேடலில் தெரிவீர்கள் என்பதில் முதன்மை வகைக்குப் பெரிய பங்கு உண்டு. மளிகைக் கடை என்று பொதுவாக விடாமல், பட்டியலில் உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமானதைத் தேடி எடுங்கள்.

இப்போது பல கடைகளுக்குச் சரிபார்ப்பு வீடியோ மூலம் நடக்கிறது. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கவேண்டும். தெருவில் தொடங்குங்கள், பக்கத்துக் கடைப் பலகை தெரியட்டும், உங்கள் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள், ஷட்டரை நீங்களே திறங்கள், உள்ளே செக்கையும் கல்லாவையும் காட்டி முடியுங்கள். பலகையில் ஒரு பெயரும் புரொஃபைலில் வேறு பெயரும் இருந்தால் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். "முருகன் ஆயில் மில்" என்பது பலகை என்றால் அதுவே பெயர். "முருகன் ஆயில் மில் சிறந்த மரச்செக்கு எண்ணெய் மதுரை" என்று நீட்டினால் பக்கமே முடக்கப்படலாம்.

சரிபார்ப்பு முடிந்ததும் பத்துப் படமாவது ஏற்றுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறை நேரத்தை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். திறந்திருப்பதாக மேப் சொல்ல, வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால் அந்தக் கோபம் ரிவ்யூவில்தான் இறங்கும்.

நான் வீட்லயேதான் பொடி அரைச்சு விக்கிறேன். வீட்டு அட்ரஸ் போட பயமா இருக்கே?

போடவேண்டாம். முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்பதை மட்டும் காட்டும் வசதி அதே புரொஃபைலில் இருக்கிறது. 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். மாநிலம் முழுவதையும் இழுத்துப் போடாமல், உண்மையில் போய்க் கொடுக்கும் இடங்களை மட்டும் சேருங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறினா பழைய சாட்டெல்லாம் போயிடுமா?

பேக்கப் எடுத்துவிட்டு மாறினால் போகாது. ஆனால் ஒரே எண்ணைச் சாதா வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒருசேர வைக்க முடியாது. அதனால் கடைக்குத் தனி எண் வாங்குவதே நல்லது. சொந்தக்காரர்கள் குழுவும் ஆர்டரும் ஒரே இடத்தில் கலந்தால் ஆர்டர்தான் தவறும்.

மாறியதும் மூன்று வேலை. கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் ஒவ்வொரு பொருளையும் அளவோடும் விலையோடும் ஏற்றுங்கள். "விலை கேட்கவும்" என்று எழுதாதீர்கள், அங்கேயே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். இரண்டாவது, அடிக்கடி தட்டும் பதில்களைக் குவிக் ரிப்ளையாகச் சேமியுங்கள்: விலைப்பட்டியல், கூரியர் கட்டணம், கடைக்கு வழி. மூன்றாவது, எண்ணைச் சேமிக்காமலே பேசவைக்கும் இணைப்பு. டபிள்யூஏ டாட் மீ (wa.me), ஒரு சாய்கோடு, 91, பிறகு உங்கள் பத்து இலக்க எண். பிளஸ் குறியோ முன்னால் சுழியமோ சேர்க்காதீர்கள். எங்கே ஒட்டினாலும் ஒருமுறை வேறொரு ஃபோனிலிருந்து அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

பிராட்காஸ்ட்ல இருநூறு பேருக்கு அனுப்புறேன், பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்ல. ஏன்?

பிராட்காஸ்ட் என்பது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி. உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போகும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருந்தால் போதாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்.

பில் போடும்போதே, "இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க, புதுசா ஆட்டுற அன்னிக்கு மெசேஜ் வரும்" என்று சொல்லி, அவர் சேமிப்பதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பாட்டில் லேபிளிலும் எண் இருக்கட்டும். மாதம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். தினமும் காலை வணக்கம் அனுப்புகிற கடையை மக்கள் பிளாக் செய்கிறார்கள். நிறையப் பேர் பிளாக் செய்தாலோ புகார் செய்தாலோ எண்ணுக்கே தடை வரலாம்.

என்ன போஸ்ட் போடுறதுன்னே தெரியல. தினமும் பாட்டில் படமே போட்டுக்கிட்டு இருக்கேன்.

கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் அப்படியே எழுதுங்கள். "பாக்கெட் எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை?", "அடியில மண்டி நிக்குதே, கெட்டுப்போச்சா?", "மார்கழியில தேங்காய் எண்ணெய் ஏன் உறையுது?", "நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி எதுக்குச் சேக்கிறீங்க?" ஒரு கேள்விக்கு ஒரு பதிவு. கடையில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டதை வீட்டில் பலர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் அதிகம் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான். தள்ளுபடிப் படமும் பண்டிகை வாழ்த்தும் எல்லாக் கடையும் போடும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு ஆகிறது, பருப்பு இன்று கிலோ இந்த விலை, ஆட்டுகூலி இவ்வளவு, பிண்ணாக்கு விற்றால் இவ்வளவு திரும்பும் என்று கணக்கைத் திறந்து காட்டுகிற கடைக்காரரை மக்கள் நம்புகிறார்கள். விலை அதிகம் என்ற முணுமுணுப்புக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

வீடியோ எடுக்க கேமரா வாங்கணுமா? ஃபோன் போதுமா?

ஃபோன் போதும். எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கடையில் விரல் பட்ட லென்ஸ் எல்லாவற்றையும் புகைமூட்டமாகக் காட்டும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு வாசல் அல்லது ஜன்னல் வெளிச்சத்தில், ஃபோனை நெட்டுக்குப் பிடித்து எடுங்கள்.

மேலே சொன்ன விலைக் கேள்விக்கு ஒரு ரீல் இப்படி அமையலாம். முதல் 2 விநாடி: செக்கிலிருந்து எண்ணெய் நூலாக இறங்கிப் பாத்திரத்தில் விழுவது, மிக நெருக்கத்தில். "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கினால் அந்த நேரத்துக்குள் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். அடுத்த 5 விநாடி: தராசில் பருப்பைக் கொட்ட, முள்ளோ எண்ணோ இரண்டரை கிலோவில் நிற்பது. அடுத்த 6 விநாடி: உரலில் உலக்கை சுற்றுவது, ஓரத்தில் பிண்ணாக்கு ஒட்டித் திரள்வது. கடைசி 5 விநாடி: ஒரு லிட்டர் பாட்டில் நிறைவது, மேலே விலை. மொத்தம் 18 விநாடி.

குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். செக்கு மோட்டார் ஓடும்போது பேசினால் ஒன்றும் விளங்காது. மோட்டாரையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஃபோனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசுங்கள். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக எழுத்தும் ஓடட்டும். அந்த எழுத்தைத் திரையின் அடியில் வைக்காதீர்கள், அங்கே கணக்குப் பெயரும் பொத்தான்களும் வந்து மறைக்கும். அதே கோப்பை யூடியூப் ஷார்ட்ஸிலும் ஏற்றலாம்.

ரீல்ஸுக்கு சினிமாப் பாட்டு வெச்சா நல்லா ஓடும்ங்கிறாங்களே?

வியாபாரத்துக்கு வேண்டாம். செயலியில் வரும் திரைப்பாடல்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்றவை. பிசினஸ் கணக்கில் அவை பெரும்பாலும் கிடைக்காது. அதற்காகக் கணக்கைச் சாதாரணமாக மாற்றிப் பாட்டைச் சேர்த்தாலும் விளம்பரத்தில் பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது. வீடியோ ஒலியிழக்கலாம், நீக்கப்படலாம். செக்கு கிறீச்சிடும் சத்தமும் எண்ணெய் விழும் சத்தமும் எந்தப் பாட்டுக்கும் குறைந்தவை இல்லை.

வாரத்துக்கு எத்தனை போடணும்?

இரண்டு. அதை ஆறு மாதம் விடாமல் போட முடிந்தால் போதும். முதல் வாரம் பதினான்கு போட்டுவிட்டு மூன்றாவது வாரம் காணாமல் போகிற கணக்குதான் எங்கும் கிடக்கிறது.

ரிவ்யூ எப்படி வாங்குறது? ஒரு பாட்டில் இலவசம்னு சொல்லலாமா?

கூடாது. பொருளோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது. கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான ரிவ்யூக்களும் சேர்ந்து போகலாம். உங்கள் புரொஃபைலிலேயே ரிவ்யூ கேட்கும் இணைப்பும் க்யூஆரும் கிடைக்கும். இரண்டாவது முறை வாங்க வந்தவரிடம் அதை நீட்டுங்கள். பிடித்ததால்தான் திரும்பி வந்திருக்கிறார்.

மோசமான ரிவ்யூ வந்தால் அன்றைக்கே பதில் சொல்லவேண்டியதில்லை. கோபம் ஆறிய மறுநாள் எழுதுங்கள். "கூரியரில் மூடி கசிந்துவிட்டது, வருந்துகிறோம். வேறு பாட்டில் அனுப்புகிறோம். இனி மூடிக்கு உள்ளே அலுமினிய சீல் வைத்தே அனுப்புவோம்." அவ்வளவுதான். சீலையும் உண்மையிலேயே வையுங்கள். உங்கள் பதிலை அவரைவிட, அடுத்து வாங்க நினைப்பவர்கள்தான் கவனித்துப் படிப்பார்கள். வாங்காதவர் வேண்டுமென்றே எழுதியது என்றால் புகார் செய்யலாம். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் கூகுள் எதையும் நீக்காது.

இதெல்லாம் இருக்கும்போது வெப்சைட் எதுக்கு?

மற்றதெல்லாம் வாடகை இடம், வெப்சைட் சொந்த இடம். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடையானபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் சேர்த்த கூட்டத்தை ஒரே நாளில் இழந்தார்கள். மேப் புரொஃபைலோடு கூகுள் கொடுத்த இலவச வெப்சைட்களும் 2024 மார்ச்சில் மூடப்பட்டன.

ஆரம்பத்தில் ஐந்து பக்கம் போதும்: முகப்பு, பொருட்களும் விலையும், எப்படி ஆட்டுகிறோம், கேள்வி பதில், தொடர்பு. ஒவ்வொரு பக்கத்திலும் வாட்ஸ்அப் இணைப்பு. கார்ட், ஆன்லைன் பேமெண்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் சமாளிக்க முடியாத அளவுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டாட் இன் என்று முடியும் தள முகவரிக்கு, அதாவது டொமைனுக்கு, வருடத்துக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் ஆகும். முதல் வருடத் தள்ளுபடியைப் பார்த்து ஏமாறாமல் புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் ஃபோன் எண்ணில் பதிவாகவேண்டும். செய்து கொடுப்பவர் தன் பெயரில் வாங்கிவிட்டால், அவரோடு மனஸ்தாபம் வரும் நாளில் முகவரியே கைவிட்டுப் போகும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் டொமைன், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் இடம்), மேப் புரொஃபைல் மூன்றிலும் உங்கள் கடவுச்சொல்லால் நுழைந்து பார்த்துவிடுங்கள்.

வெப்சைட் போட்டு மூணு மாசம் ஆச்சு. கூகுள்ல தேடினா வரவே மாட்டேங்குது.

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை, அதாவது தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலை, சமர்ப்பியுங்கள். எந்தப் பக்கம் கூகுள் தேடல் பட்டியலில் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் என்பதை அதுவே சொல்லும். தளம் கட்டும்போது தேடுபொறிகள் வராமலிருக்க ஒரு தடையைப் போட்டுவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அதை முதலில் பாருங்கள்.

அடுத்த இரண்டு காரணங்கள்: எழுத்தெல்லாம் படத்துக்குள் இருப்பது, பக்கம் மெதுவாகத் திறப்பது. விலைப்பட்டியலை நோட்டீஸ் மாதிரி படமாகச் செய்து ஏற்றினால் அதைத் தேடலில் கொண்டுவருவது கடினம். எழுத்தாகவே தட்டுங்கள். ஃபோனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும். அகலம் 1200 பிக்ஸலாகக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் 200 கேபிக்குள் அடங்கிவிடும்.

மக்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒருவர் தமிழ் எழுத்தில் "மரச்செக்கு நல்லெண்ணெய்" என்பார், இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார், மூன்றாமவர் "கோல்ட் பிரஸ்டு ஜிஞ்சலி ஆயில்" என்பார். மூன்றும் பக்கத்தில் இயல்பாக வரவேண்டும். நோட்டில் எழுதிய கேள்விகள் இங்கும் உதவும், ஒவ்வொன்றையும் கேள்வி பதில் பக்கத்தில் எழுத்தாக வையுங்கள்.

பூஸ்ட் பண்ணா பலன் உண்டா? எவ்வளவு போடலாம்?

உண்டு, கணக்குப் போட்டுச் செய்தால். பூஸ்ட் என்பது ஒரு பதிவைக் காசு கொடுத்து அதிகம் பேருக்குக் காட்டவைப்பது. ஏற்கெனவே நன்றாக ஓடிய பதிவைத்தான் பூஸ்ட் செய்யவேண்டும். யாரும் பார்க்காததைப் பணம் தூக்கி நிறுத்தாது. நோக்கமாக "செய்தி வரவேண்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப்பில் இணையுங்கள். இடம், கடையைச் சுற்றி 8 முதல் 10 கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதும் என்று விட்டால் கூரியர் கட்டணம் கேட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம் வருவார்கள்.

ஒரு கணக்கு. நாளுக்கு 200 ரூபாய், 5 நாள், 1,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,180. 40 பேர் செய்தி அனுப்பி 8 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 147 ரூபாய் 50 காசு. இரண்டு லிட்டரில் லாபம் 120 ரூபாய் என்றால் முதல் ஆர்டரில் நட்டம். ஆனால் எண்ணெய் மாதாமாதம் தீர்கிற பொருள். அந்த எட்டுப் பேரில் பாதிப் பேர் மூன்று மாதம் தொடர்ந்து வாங்கினாலே நட்டம் போய் லாபம் நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வாங்கும் தீபாவளி பலகாரப் பெட்டிக்கு இதே கணக்கு உதவாது.

பத்தாயிரம் ஃபாலோயர் ரெண்டாயிரம் ரூபாய்க்குத் தர்றேங்கிறாங்க. ஆரம்பத்துல ஒரு கெத்துக்கு வாங்கிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தக் கணக்குகள் எதையும் பார்க்காது, சேமிக்காது, வாங்காது. உங்கள் பதிவை முதலில் காட்டும் சிலரில் இவர்களும் இருந்து யாரும் தொடவில்லை என்றால், செயலி அதை மற்றவர்களுக்குக் காட்டுவதையும் குறைக்கும். உள்ளூரில் 600 உண்மையான ஆட்கள் ஒரு செக்கை ஓட்டப் போதும்.

ஃபாலோயரும் வியூஸும் நல்லாத்தான் இருக்கு. ஆர்டர் மட்டும் வரல. எங்க தப்பு?

மூன்று இடத்தில் பாருங்கள். பார்ப்பவர்கள் எந்த ஊர்? செயலியின் இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பகுதியில் நகர வாரியாகத் தெரியும். உங்கள் ஊர் கடைசியில் இருந்தால், பதிவில் ஊர்ப்பெயரும் இடக்குறியும் வரவில்லை என்று பொருள். அடுத்து, விலையும் வாங்கும் வழியும் வீடியோவிலேயே இருக்கிறதா? மூன்றாவதுதான் பெரும்பாலும் குற்றவாளி: பதில் எவ்வளவு நேரத்தில் போகிறது? இரவு எட்டு மணிக்குக் கேட்டவருக்கு மறுநாள் மதியம் பதில் போனால் அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார். கமெண்டில் விலை கேட்டவரிடம் "டிஎம் பண்ணுங்க" என்று சொல்லாமல், அங்கேயே விலையை எழுதுங்கள்.

எது வேலை செய்கிறது என்று அறிய பெரிய கருவி தேவையில்லை. முன்னே சொன்ன வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே தட்டிய வாசகம் சேர்க்கலாம். இன்ஸ்டா இணைப்பில் "ரீல் பார்த்தேன், விலை வேண்டும்", வெப்சைட் இணைப்பில் "தளத்தில் பார்த்தேன்" என்று வையுங்கள். வரும் செய்தியின் முதல் வரியே எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடும். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

"நல்லெண்ணெய் சாப்பிட்டா சுகர் சரியாகும்"னு போட்ட கடைக்கு நல்ல கூட்டம். நானும் போடலாமா?

போடாதீர்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு விதிகளும் அனுமதிப்பதில்லை. சட்டத்தைவிடப் பெரிய கவலை, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது. காசு கொடுத்து இன்ஃப்ளூயன்சரைப் பேசவைத்தாலும் இதே கட்டுப்பாடு. அவர் அது விளம்பரம் என்பதையும் தெளிவாகக் காட்டவேண்டும். இலவசமாகப் பாட்டில் கொடுத்துப் பேசவைத்தாலும் அப்படித்தான்.

இணையத்தில் விற்கும் பாக்கெட் பொருளுக்கு அதிகபட்ச சில்லறை விலை, நிகர அளவு, தயாரிப்பாளர் பெயர் முகவரி, புகார் எண் ஆகியவை பக்கத்திலேயே தெரியவேண்டும். லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் கட்டாயம், வீட்டில் செய்தாலும்.

பெங்களூர்ல இருந்து ஆர்டர் வருது. அனுப்பலாமா?

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அனுப்பலாம். உணவுப் பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். உள்ளூர் விற்பனைக்கான வரம்புச் சலுகை இங்கே செல்லாது. முதல் பார்சலுக்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"காப்பிரைட் பிரச்சினை, 24 மணி நேரத்துல உங்க பேஜ் போயிடும்"னு மெசேஜ் வந்துச்சு. லிங்க்ல பாஸ்வேர்டு கேக்குது.

தொடாதீர்கள், மோசடி. உண்மையான எச்சரிக்கையா என்பதைச் செயலிக்குள் கணக்கு நிலைப் பகுதியில் போய்ப் பாருங்கள். இன்றே எல்லாக் கணக்கிலும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்க ரகசிய எண் (பின்) வையுங்கள். பக்கத்துக்கு நம்பிக்கையான இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேருங்கள். ஒரே ஃபோன் தொலைந்தால் எல்லாமே பூட்டிக்கொள்ளும் நிலை வேண்டாம்.

இதே ஆட்கள் ஆர்டர் கொடுத்துவிட்டுப் பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட்டும் காட்டுவார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.